திறந்த நிரல், மூடிய சிப்

யூஎஸ்பி பாதுகாப்புச் சாவிகளில் ஒரு வகை உண்டு. உள்ளே ஓடும் நிரலை முழுவதுமாக வெளியிட்டுவிடுவார்கள். சர்க்யூட் வரைபடத்தையும் பல நேரம் கூடவே தந்துவிடுவார்கள். சோலோ, நைட்ரோகீ, கூகுளின் ஓப்பன்எஸ்கே எல்லாம் இந்த வகை. கேட்டவுடன் எழும் சந்தேகம் நியாயமானதே. பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று திருடனுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டால் அப்புறம் பூட்டு எதற்கு?

இதற்கு 1883-லேயே ஒரு பதில் வந்துவிட்டது. அகஸ்தே கெர்க்காஃப்ஸ் என்பவர் பிரெஞ்சு ராணுவ இதழ் ஒன்றில், சங்கேத முறை முழுவதும் எதிரி கையில் சிக்கினாலும் பாதகம் இருக்கக் கூடாது, சாவி ஒன்று மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்று எழுதினார். இன்றைய இணையப் பாதுகாப்பு முழுவதும் அந்த அடிப்படையில்தான் நிற்கிறது. நிரல் ஊருக்கே தெரியட்டும். சாவி தெரியாத வரை கவலையில்லை.

ஆனால் யூஎஸ்பி சாவி விஷயத்தில் இது பாதிப் பதில்தான். இங்கே ரகசியம் ஒரு சிப்புக்குள் இருக்கிறது. அந்தச் சிப்பைக் கையில் எடுக்கலாம், உடைக்கலாம், சூடேற்றலாம், மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சீண்டலாம். எனவே நிரல் சரியாக இருந்தால் மட்டும் போதாது; நிரல் ஓடும் சிப்பும் தாங்க வேண்டும். சோலோ என்ற சாவி 2018 முதல் அடைந்த மாற்றங்களை வரிசையாகப் பார்த்தால், திறந்து வைப்பதால் கிடைப்பது என்ன, அந்தத் திறப்பு எந்த இடத்தில் முட்டி நிற்கிறது என்ற இரண்டும் புரிந்துவிடும்.

சாவி செய்யும் வேலை

முதல் முறை ஒரு கணக்கில் சாவியைப் பதிவு செய்யும்போது, சாவி தனக்குள்ளேயே ஒரு ஜோடியை உருவாக்கிக்கொள்கிறது. ஒன்று ரகசியச் சாவி, மற்றது பொதுச் சாவி. பொதுச் சாவி இணையதளத்துக்குப் போய்விடும். ரகசியச் சாவி கருவியை விட்டு வெளியே வரவே வராது. அடுத்த முறை நீங்கள் உள்நுழையும்போது தளம் ஒரு புதிய எண்ணைக் குலுக்கலில் எடுப்பதுபோல் எடுத்து அனுப்பும். பிரவுசர் அந்த எண்ணோடு தளத்தின் முகவரியையும் சேர்த்துச் சாவியிடம் கொடுக்கும். சாவியில் விளக்கு மினுக்கும். நீங்கள் விரலால் தொட்டதும் சாவி கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். தளம் தன்னிடமுள்ள பொதுச் சாவியை வைத்து அந்தக் கையொப்பம் சரிதானா என்று பார்த்துக்கொள்ளும். சார்பதிவாளர் அலுவலக முத்திரை மாதிரிதான் இது. காகிதம் உள்ளே போய் முத்திரை வாங்கிக்கொண்டு வரும். முத்திரை மேஜையை விட்டு நகராது.

முகவரியையும் சேர்த்துக் கையொப்பமிடுவதில்தான் இதன் பலம் இருக்கிறது. அச்சு அசலாக உங்கள் அலுவலகப் பக்கம்போலவே ஒரு போலிப் பக்கத்தை ஒருவர் செய்து, நீங்களும் ஏமாந்து பாஸ்வேர்டைத் தட்டி, ஓடிபியையும் கொடுத்துவிடலாம். ஓடிபிக்கு அது எந்தத் தளத்தில் தட்டப்படுகிறது என்று தெரியாது. சாவிக்குத் தெரியும். முகவரி ஓரெழுத்து மாறியிருந்தாலும் அந்த முகவரிக்கென்று அதனிடம் ரகசியச் சாவி எதுவும் இருக்காது.

2022-இல் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் இது நேரடியாகவே சோதிக்கப்பட்டது. ஊழியர்கள் குறைந்தது 76 பேருக்குப் போலிக் குறுஞ்செய்தி வந்தது. 3 பேர் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்தும்விட்டார்கள். ஆனாலும் தாக்கியவர்களால் உள்ளே நுழைய முடியவில்லை, ஏனென்றால் அங்கே எல்லோருக்கும் பாதுகாப்புச் சாவி கட்டாயம். அதே சமயத்தில் அதே பாணித் தாக்குதலுக்கு ஆளான ட்விலியோ நிறுவனத்துக்குள் நுழைந்துவிட்டார்கள்.

இந்த நெறிமுறைக் குடும்பத்துக்குப் பெயர் ஃபிடோ. முதல் வடிவமான யூ2எஃப் 2014-இல் வந்தது. பிரவுசர்களுக்கான வெப்ஆத்தன் 2019 மார்ச்சில் டபிள்யூ3சி அமைப்பின் தரநிலையாக ஏற்கப்பட்டது.

யாரிடமிருந்து காக்க வேண்டும்?

சாவியைக் குறிவைப்பவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை எங்கோ தொலைவிலிருந்து போலிப் பக்கம் விரிப்பவர். இவரை நெறிமுறையே தடுத்துவிடுகிறது. மலிவான சாவியானாலும் விலை உயர்ந்ததானாலும் பலன் ஒன்றுதான். இரண்டாம் வகை, உங்கள் கணினிக்குள் ஏற்கெனவே தீநிரலை இறக்கிவிட்டவர். அவரால் யூஎஸ்பி வழியாகச் சாவியிடம் எதை வேண்டுமானாலும் பேச முடியும். தாறுமாறான கட்டளைகளை அனுப்பி, சாவிக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரைக் குழப்பப் பார்ப்பார். மூன்றாம் வகை, சாவியையே கையில் வைத்திருப்பவர். காணாமல் போன சாவி, விடுதி அறையில் விட்டுச் சென்ற சாவி, தபாலில் வரும் வழியில் பிரிக்கப்பட்ட சாவி, எல்லாம் இவருக்கு வாய்ப்பு.

இரண்டாம் வகைக்கு ஃபர்ம்வேர் பதில் சொல்ல வேண்டும். மூன்றாம் வகைக்கு ஃபர்ம்வேரும் சிப்பும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் திறமூலச் சாவிகளில் நடந்த மேம்பாடுகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்குமானவையே.

சாதாரணச் சிப்பில் பிறந்த சோலோ

கோனர் பேட்ரிக் என்ற பொறியாளர் முதலில் யூ2எஃப் ஜீரோ என்ற சிறிய திறமூலச் சாவியை வடிவமைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் சோலோ. 2018-இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பணம் திரட்டி, ஃபிடோ2 வசதியுள்ள திறமூலச் சாவியாக அறிமுகமானது.

அதன் இதயம் எஸ்டிஎம்32எல்432 என்ற மைக்ரோகன்ட்ரோலர். 256 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகம், 64 கிலோபைட் ராம். பொம்மையிலும் மீட்டரிலும் சென்சாரிலும் பயன்படுத்தப்படுகிற வகையைச் சேர்ந்த சாதாரணச் சிப் இது. வங்கி அட்டையிலும் பாஸ்போர்ட்டிலும் இருக்கும் பாதுகாப்புச் சிப்பை ஏன் போடவில்லை? அவற்றின் தயாரிப்பாளர்கள் உள் விவரங்களை ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தருவார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், அந்தச் சிப்புக்காக எழுதிய நிரலை வெளியிட முடியாமல் போகும். முழு நிரலும் வெளியே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்குச் சாதாரணச் சிப்தான் கிடைத்த வழி.

சோலோவில் இரண்டு பதிப்புகள் வந்தன. ஒன்று ஹேக்கர் பதிப்பு: பூட்டில்லாதது, நீங்களே நிரல் எழுதி ஏற்றிப் பார்க்கலாம். மற்றது பொதுப் பயன்பாட்டுக்கானது: தயாரிப்பாளரின் கையொப்பம் உள்ள ஃபர்ம்வேரை மட்டும் ஏற்றுக்கொள்ளும், சிப்பின் உள்ளிருப்பதை வெளியிலிருந்து கம்பி இணைத்துப் பார்க்க உதவும் டீபக் வாசல் பூட்டப்பட்டிருக்கும். வன்பொருள் இரண்டிலும் ஒன்றே. நிரல் எல்லோருக்கும் தெரிந்திருந்தும், பூட்டிய சாவியில் அவரவர் விருப்பத்துக்கு நிரலை ஏற்ற முடியாது என்பது இங்கே கவனிக்க வேண்டியது.

புதுப்பிக்கும் வாசல்

சோலோவின் ஃபர்ம்வேரைப் பின்னாளில் புதுப்பிக்க முடியும். யூபிகீ போன்ற மூடிய சாவிகளில் இது முடியாது. ஒரு முறை தொழிற்சாலையில் ஏற்றியது ஏற்றியதுதான். இரண்டுக்கும் காரணம் உண்டு. புதுப்பிக்க முடிந்தால் பிழையைத் திருத்தலாம். ஆனால் புதுப்பிக்கும் வாசலே தாக்குபவரும் நுழையக்கூடிய வாசலாகிவிடும்.

வெறும் கையொப்பச் சோதனை இதற்குப் போதாது. போன வருடம் வெளியான ஃபர்ம்வேரில் ஓட்டை இருந்தது, இந்த வருடம் அடைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஃபர்ம்வேரும் தயாரிப்பாளரே கையொப்பமிட்டதுதான். தாக்குபவர் அந்தப் பழையதை எடுத்து உங்கள் சாவியில் ஏற்றிவிட்டால், அடைத்த ஓட்டை மறுபடி திறந்துகொள்ளும். ஆகவே புதிதாக வரும் ஃபர்ம்வேரின் பதிப்பு எண், இருப்பதைவிடக் குறைவாக இருந்தால், ஃபர்ம்வேரை ஏற்றும் நிரலான பூட்லோடர் மறுத்துவிட வேண்டும்.

சோலோவில் அந்தச் சோதனை இருந்தது. 2020 பிப்ரவரியில் டோயன்செக் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சோலோ ஃபர்ம்வேரைத் தணிக்கை செய்த முடிவை வெளியிட்டது. அதில் முக்கியமான கண்டுபிடிப்பு இந்தச் சோதனையைத் தாண்டிச் செல்லும் வழிதான். ஃபர்ம்வேர் ஒரே மூச்சில் சாவிக்குள் போவதில்லை. துண்டு துண்டாகப் போகிறது. அந்தத் துண்டுகள் வரிசைப்படிதான் வர வேண்டும் என்று பூட்லோடர் கட்டாயப்படுத்தவில்லை. வரிசையைக் கலைத்து அனுப்பினால் பதிப்புச் சோதனையை ஏமாற்றிப் பழைய ஃபர்ம்வேரை உள்ளே இறக்கிவிட முடிந்தது.

கையொப்பக் கணிதத்தில் ஒரு குறையும் இல்லை. எந்தத் துண்டை எப்போது பார்த்தோம் என்ற நடைமுறையில்தான் சறுக்கல். பாதுகாப்புக் கருவிகளில் ஓட்டைகள் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கின்றன. நிரல் கையில் இருந்ததால் தணிக்கை செய்தவர்கள் யூகிக்க வேண்டியிருக்கவில்லை. வரி வரியாகப் படித்தார்கள், சோதித்தார்கள், சொன்னார்கள். புதுப்பிக்கும் வசதி இருந்ததால் திருத்தமும் பயனர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

மின்னழுத்தம் தடுமாறினால்

சிப்பைக் கையில் வைத்திருப்பவரின் வழிமுறைகள் வேறு. எஸ்டிஎம்32 சிப்புகளில் உள்ளிருப்பதைப் படிக்கவிடாத ஒரு பூட்டு உண்டு. அதற்கு மூன்று நிலைகள். பூஜ்ய நிலையில் எல்லாம் திறந்திருக்கும். முதல் நிலையில் ஃபிளாஷைப் படிக்க முடியாது. ஆனால் டீபக் கம்பியை இணைத்து ராமைப் படித்துவிடலாம். இரண்டாம் நிலையில் டீபக் வாசலே நிரந்தரமாக அடைபடும். ரகசியம் வைத்திருக்கும் கருவிகள் இரண்டாம் நிலையில்தான் விற்பனைக்கு வர வேண்டும்.

நிரந்தரம் என்று கையேடு சொல்வது வேறு, சோதனைச்சாலை சொல்வது வேறு. 2020 ஜனவரியில் கிராக்கன் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வுக்கூடம், டிரெஸர் என்ற கிரிப்டோ வாலட்டிலிருந்து ரகசியத்தை எடுத்துக் காட்டியது. கருவி 15 நிமிடம் கையில் இருந்தால் போதும் என்றார்கள். அதிலும் எஸ்டிஎம்32 குடும்பச் சிப்தான்.

மின்னழுத்தத்தைத் தடுமாற வைக்கும் இந்த வகைத் தாக்குதலைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். ஃபர்ம்வேரில் ஒரு வரி இருக்கிறது: கையொப்பம் சரியென்றால் தொடர், இல்லையென்றால் நில். சிப்பின் அளவில் இது ஒப்பிடும் கட்டளை ஒன்று, தாவும் கட்டளை ஒன்று. தாவும் கட்டளை நிறைவேறும் அந்த நுண்ணிய கணத்தில் சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைச் சட்டென்று இறக்கி ஏற்றினால், கட்டளை தவறிப்போகலாம். நிற்க வேண்டிய சிப் தொடர்ந்துவிடும். கணம் தப்பினால் சிப் உறைந்துபோகும். மறுபடி மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுத்து, கணத்தை ஒரு துளி தள்ளி வைத்து முயல்வார்கள். இந்த வேலையை இயந்திரம் சலிக்காமல் ஆயிரக்கணக்கான முறை செய்யும்.

இதைச் சமாளிக்க ஃபர்ம்வேர் எழுதுபவர்கள் சில பழக்கங்களை வைத்திருக்கிறார்கள். முக்கியமான சோதனையை ஒரு முறை செய்து நிறுத்தாமல், வேறு வேறு விதத்தில் இரண்டு முறை செய்வார்கள். இரண்டு கணங்களையும் துல்லியமாகப் பிடிப்பது தாக்குபவருக்குக் கடினம். சோதனைக்கு முன் ஒவ்வொரு முறையும் வேறுபடும் ஒரு சிறு தாமதத்தை வைப்பார்கள். சரி என்பதற்கு 1, தவறு என்பதற்கு 0 என்று வைத்தால் ஒரே ஒரு பிட் புரண்டால் தீர்ப்பே மாறிவிடும். அதனால் ஒன்றுக்கொன்று பல பிட்டுகள் வேறுபடும் இரண்டு நீண்ட எண்களை வைப்பார்கள். இவை எல்லாம் தாக்குபவரின் செலவைக் கூட்டும் வழிகள். முற்றாகத் தடுக்கும் வழி ஃபர்ம்வேரில் இல்லை.

சோலோவும் இதே பூட்டை நம்பியிருந்தது. 2020-இல் சிவிஇ-2020-27208 என்ற எண்ணில் பதிவான குறைபாடு அதைத்தான் சுட்டியது. சாவி இயங்கத் தொடங்கும்போது பூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஃபர்ம்வேர் உறுதிசெய்துகொள்ளவில்லை. பூட்டு எப்படியாவது ஒரு படி இறக்கப்பட்டிருந்தாலும் ஃபர்ம்வேர் வழக்கம்போல எழுந்து, ரகசியச் சாவிகளை ராமில் ஏற்றி வைத்துக்கொள்ளும். இறங்கிய நிலையில் ராமைப் படிக்க டீபக் கம்பி போதும். சோலோ, அதன் சின்ன வடிவமான சோமு, நைட்ரோகீ ஃபிடோ2 ஆகிய மூன்றும் பாதிக்கப்பட்டன. நைட்ரோகீ ஃபிடோ2 சோலோவின் நிரலையே தழுவியது என்பதால் ஓட்டையும் கூடவே வந்திருந்தது. நிரலைப் பகிர்வதில் இது ஒரு விலை. ஒருவர் கண்டுபிடித்தது எல்லோருக்கும் திருத்தமாகப் போய்ச் சேர்ந்தது அதே பகிர்வின் மறுபக்கம்.

இதிலிருந்து எழுந்த பாடம் எளியது. சாவி எழுந்தவுடன் முதல் வேலையாகப் பூட்டைப் பார்க்க வேண்டும். அது தளர்ந்திருந்தால் ரகசியத்தைத் தொடவே கூடாது. தேவைப்படும் கணத்தில் மட்டும் ரகசியத்தை ராமுக்குக் கொண்டுவந்து, வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

இரண்டாம் தலைமுறை

ஃபர்ம்வேரால் செய்ய முடிவதற்கு ஓர் எல்லை உண்டு என்று தெரிந்த பிறகு, சிப்பையே மாற்றுவதுதான் அடுத்த படி. 2021 ஜனவரியில் அறிமுகமான சோலோ 2-இல் என்எக்ஸ்பி நிறுவனத்தின் எல்பிசி55எஸ்69 சிப் வந்தது. ஜெர்மனியின் நைட்ரோகீ நிறுவனமும் தன் நைட்ரோகீ 3 வரிசையில் இதே சிப்பை எடுத்துக்கொண்டது. குட்டி வடிவத்துக்கு மட்டும் நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52840.

புதிய சிப்பில் மூன்று வசதிகள் முக்கியம். முதலாவது, டிரஸ்ட்ஸோன். ஒரே சிப்பை நம்பகமான பகுதி, மற்ற பகுதி என்று வன்பொருளே இரண்டாகப் பிரித்து வைக்கும். யூஎஸ்பியில் வரும் கண்ட தரவையும் கையாளும் நிரலில் ஓட்டை விழுந்தாலும் அந்த ஓட்டை வழியாக மறுபக்கத்துக்குப் போக முடியாது.

இரண்டாவது, பாதுகாப்பான துவக்கம். தயாரிப்பாளரின் பொதுச் சாவிக்கான அடையாளத்தைச் சிப்பில் எழுதிப் பூட்டிவிடுகிறார்கள். மின்சாரம் வந்ததும், சிப்பிலேயே பதிக்கப்பட்டு மாற்ற முடியாதபடி இருக்கும் ரோம் நிரல் ஃபர்ம்வேரின் கையொப்பத்தைப் பார்க்கும். பொருந்தினால்தான் ஃபர்ம்வேர் ஓடும்.

மூன்றாவது, சிப்பின் இயற்கையான தனித்தன்மையைச் சாவியாக்கும் பஃப் என்ற நுட்பம். ராமின் ஒவ்வொரு செல்லும் மின்சாரம் வந்த கணத்தில் 0 பக்கமோ 1 பக்கமோ சாயும். எந்தப் பக்கம் என்பது தயாரிப்பில் நேர்ந்த நுண்ணிய வேறுபாடுகளால் அமைகிறது. ஒரே வரிசையில் வார்த்த இரண்டு சிப்புகளில்கூட அந்தச் சாய்வு ஒன்றாக இருக்காது. அதிலிருந்து ஒரு மூலச் சாவியைக் கணக்கிட்டு எடுக்கலாம். சிப் அணைந்திருக்கும்போது அந்தச் சாவி எங்கும் எழுதப்பட்டிருக்காது என்பதால், அணைந்த சிப்பைப் பிளந்து பார்ப்பவருக்குப் படிக்க ஒன்றும் இருக்காது.

வெளிப்புறத்திலும் மாற்றம் உண்டு. சோலோ 2-இன் சர்க்யூட் பலகையை எப்பாக்ஸி பிசினுக்குள் மூழ்கடித்துவிட்டார்கள். பிசினைச் சுரண்டாமல் சிப்பின் கால்களைத் தொட முடியாது. சுரண்டினால் தடயம் தெரியும். சாவியைச் சிறிது நேரம் எடுத்து வேலை முடித்துச் சத்தமில்லாமல் திருப்பி வைக்க நினைப்பவருக்கு இது பெரிய இடைஞ்சல்.

ஃபர்ம்வேர் பக்கம் பெரிய மாற்றம் மொழியில். முதல் சோலோ சி மொழியில் எழுதப்பட்டது. சோலோ 2-க்கு எல்லாவற்றையும் ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதினார்கள். சி மொழியில் 64 பைட்டுக்கான இடத்தில் 80 பைட் எழுதினால் கம்பைலர் கேள்வி கேட்காது. பக்கத்திலிருப்பது அழியும், அந்த அழிவை வைத்துத் தாக்குபவர் சிப்பைத் தன் வசமாக்கிக்கொள்ளலாம். தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் இப்படி நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்னது. ரஸ்டில் பெரும்பாலான இத்தகைய தவறுகளைக் கம்பைலரே பிடித்துவிடும். மிஞ்சுவது ஓடும்போது எல்லைச் சோதனையில் பிடிபடும். கூகுள் 2020 ஜனவரியில் வெளியிட்ட ஓப்பன்எஸ்கேயும் ரஸ்டில்தான் எழுதப்பட்டது, டாக் என்ற சிறிய ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மேல்.

சோலோ 2-உம் நைட்ரோகீ 3-உம் டிரஸ்ட் என்ற பொது நிரலடுக்கைப் பகிர்ந்துகொள்கின்றன. ஃபிடோ, ஓப்பன்பிஜிபி போன்ற செயலிகள் ரகசியச் சாவியை நேரடியாகத் தொடுவதில்லை. இந்தச் சாவியால் இதில் கையொப்பமிட்டுக் கொடு என்று அடுக்கிடம் கேட்டு, விடையை மட்டும் வாங்கிக்கொள்கின்றன. செயலியில் பிழை நேர்ந்தாலும் சாவி அதன் கைக்கு வராது.

ரஸ்ட் எதைத் தடுக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். மின்னழுத்தத்தைத் தடுமாற வைப்பவருக்கு முன்னால் எந்த மொழியும் ஒன்றுதான். நார்டிக் சிப்பின் டீபக் பூட்டை 2020 ஜூனில் லிமிட்டட்ரிசல்ட்ஸ் என்ற பெயரில் இயங்கும் ஆய்வாளர் மின்னழுத்தத் தாக்குதலால் திறந்து காட்டினார். கூகுள் ஓப்பன்எஸ்கேயைச் சோதனை செய்யப் பரிந்துரைத்த சிறு பலகையிலும் அதே என்ஆர்எஃப்52840 சிப்தான். அந்தப் பலகையைப் பரிசோதனைக்கானதாகவே கருத வேண்டும்.

ரோம் என்ற அடித்தளம்

இப்போது இதுவரை கட்டியதை மேலிருந்து கீழாக எண்ணிப் பார்ப்போம். செயலிகள் திறந்தவை. டிரஸ்ட் அடுக்கு திறந்தது. ஃபர்ம்வேர் திறந்தது. அதன் கையொப்பத்தைச் சரிபார்ப்பது யார்? சிப்பின் ரோம். அந்த ரோம் நிரல் என்எக்ஸ்பி எழுதியது, மூலம் வெளியிடப்படாதது, சிப் வார்க்கும்போதே உள்ளே பதிக்கப்பட்டது. எல்லா நம்பிக்கையும் கடைசியில் வெளியே யாருக்கும் காட்டாத அந்த நிரலின் மேல்தான் நிற்கிறது.

அமெரிக்காவின் ஆக்சைடு என்ற சர்வர் தயாரிப்பு நிறுவனம் தன் கருவிகளுக்கு இதே சிப்பைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவர்களுடைய பொறியாளர்கள் ரோமைச் சிப்பிலிருந்து படித்தெடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். 2021-இல் முதல் குறை வெளியானது. ரோமில் பின்னாளில் ஒட்டுப்போடுவதற்காக என்எக்ஸ்பி வைத்திருந்த, ஆவணத்தில் இல்லாத ஒரு வன்பொருள் பகுதியை அவர்கள் கண்டார்கள். சிப்பில் ஓடும் நிரல் அந்தப் பகுதி வழியாக ரோமின் நடத்தையையே மாற்ற முடிந்தது; டிரஸ்ட்ஸோன் போட்ட பிரிவு அதன் முன் நிற்கவில்லை.

2022-இல் இரண்டாவது குறை. புதுப்பிப்புக் கோப்பை ரோம் வாங்கும்போது, அதன் தலைப்பகுதியிலுள்ள ஓர் அளவை நம்பி, அளவான இடத்துக்குள் அதிகமாக எழுதிவிடுகிறது. இது நடப்பது கையொப்பத்தைச் சரிபார்ப்பதற்கு முன்பு. மேலே ரஸ்டில் எழுதித் தவிர்த்த அதே ரகப் பிழை, ஒரு மாடி கீழே, தொட முடியாத இடத்தில் காத்திருந்தது. ரோமுக்குப் புதுப்பிப்பு கிடையாது. புதிய சிப் வார்த்தால்தான் தீரும். ஏற்கெனவே விற்றவை அப்படியேதான் இருக்கும்.

இரண்டு குறைகளுக்கும் தாக்குபவருக்குச் சிப்பில் ஏதோ ஒரு பிடி முதலில் கிடைத்தாக வேண்டும். தொலைவிலிருந்து போலிப் பக்கம் விரிப்பவருக்கு இவற்றால் பயனில்லை. ஆனாலும் திறமூலம் என்ற முத்திரை சிப்பின் விளிம்போடு நின்றுவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சான்றிதழ் பெற்ற சிப் தப்புமா?

அப்படியானால் வங்கி அட்டை ரகப் பாதுகாப்புச் சிப்புக்கே போய்விடலாமே என்று தோன்றும். நைட்ரோகீ 3 ஒரு நடுவழியைப் பிடித்தது. பிரதானச் சிப்பில் திறந்த ஃபர்ம்வேர் ஓடும். பக்கத்தில் என்எக்ஸ்பியின் எஸ்ஈ050 என்ற பாதுகாப்புச் சிப் அமர்ந்திருக்கும். காமன் கிரைட்டீரியா என்ற சர்வதேசச் சான்றளிப்பில் ஈஏஎல்6+ அளவில் மதிப்பிடப்பட்ட சிப் அது. மின்னழுத்தத் தடுமாற்றம், லேசர், கம்பி நுழைத்தல் எல்லாவற்றுக்கும் எதிராக வடிவமைக்கப்பட்டது.

ஆனால் சான்றிதழும் கடைசி வார்த்தை அல்ல. பிரான்சின் நிஞ்சாலேப் ஆய்வகம் 2021-இல் கூகுளின் டைட்டன் சாவியிலுள்ள என்எக்ஸ்பி சிப்பின் மின்காந்தக் கசிவை அளந்து ரகசியச் சாவியைக் கணக்கிட்டு எடுத்தது. 2024 செப்டம்பரில் அதே ஆய்வகம் இன்ஃபினியான் பாதுகாப்புச் சிப்புகளில் யூக்ளீக் என்ற குறையை வெளியிட்டது. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் ஒரு முறை மட்டும் பயன்படும் ரகசிய எண்ணைக் கையாளும் இடத்தில், யூக்ளிட் வழிமுறை எடுத்துக்கொள்ளும் நேரம் அந்த எண்ணைப் பொறுத்து மாறியது. அந்த நேர வேறுபாட்டைச் சிப்பிலிருந்து வரும் மின்காந்த அலையில் படித்துவிட முடிந்தது. ஏறத்தாழ 14 ஆண்டுகள், 80 வாக்கில் உயர்மட்டச் சான்றளிப்புச் சோதனைகள், எல்லாவற்றையும் தாண்டி அந்தக் குறை கண்ணில் படாமல் இருந்திருக்கிறது.

பாதிக்கப்பட்டவற்றில் யூபிகீ 5 வரிசையும் ஒன்று. 5.7-க்கு முந்தைய ஃபர்ம்வேர் கொண்டவற்றைத் திருத்த வழியில்லை. புதுப்பிப்பை ஏற்காத வடிவமைப்பு. 5.7 முதல், யூபிகீயைத் தயாரிக்கும் யூபிகோ நிறுவனம் தன் சொந்தக் குறியீட்டியல் நூலகத்துக்கு மாறியிருந்தது. அதே இன்ஃபினியானின் இன்னொரு நூலகத்தில் 2017-இல் ரோக்கா என்ற குறை வெளிப்பட்டதும், எஸ்டோனியா நாட்டின் லட்சக்கணக்கான அடையாள அட்டைகள் அதனால் பாதிக்கப்பட்டதும் நினைவிருக்கலாம்.

யூக்ளீக் தாக்குதலுக்குச் சாவி கையில் கிடைக்க வேண்டும், அதன் கூட்டைப் பிரிக்க வேண்டும், சுமார் 11,000 யூரோ கருவிகள் வேண்டும், நல்ல கணித அறிவும் வேண்டும். சாதாரணப் பயனரின் கணக்குக்கு இவ்வளவு மெனக்கெட யாரும் வரப்போவதில்லை. அப்படிப்பட்ட பயனருக்கு மூடிய சாவியும் திறந்த சாவியும் போலிப் பக்கத்திலிருந்து ஒரே அளவில் காக்கும். வித்தியாசம் தெரிவது குறை கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

சாவியை எப்போதும் இரண்டாக வாங்கிப் பதிவு செய்யுங்கள். ஒன்று தொலைந்தால் மற்றது கொண்டு உள்ளே போய், தொலைந்ததன் பதிவை நீக்கிவிடலாம். நீக்கிய பிறகு தொலைந்த சாவியிலிருந்து யார் எதைத் தோண்டி எடுத்தாலும் அந்தக் கணக்கில் பயன்படாது. வன்பொருள் தாக்குதல்களுக்கு எதிராகப் பயனர் கையிலுள்ள வலுவான ஆயுதம் இதுதான்.

ஃபிடோ2 சாவிக்கு ஒரு ரகசிய எண் (PIN) வையுங்கள். தொடர்ந்து 3 முறை தவறாகத் தட்டினால் சாவியைக் கழற்றிச் செருகச் சொல்லும். மொத்தம் 8 முறை தவறினால் பூட்டிக்கொள்ளும். பிறகு முழுவதும் அழித்துப் புதிதாகத் தொடங்குவதைத் தவிர வழியில்லை.

ஃபர்ம்வேர் புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். திறமூலச் சாவியில் திருத்தம் வெளியான நாளிலேயே எந்த வரி மாறியது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். பழைய பதிப்பிலேயே இருப்பவர் அந்தத் தகவலைத் தாக்குபவருக்கு இலவசமாகக் கொடுத்தவராகிறார். மூடிய சாவியாக இருந்தால் வாங்கும்போதே ஃபர்ம்வேர் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். பிறகு மாற்ற முடியாது.

தயாரிப்பாளரிடமோ அவர் அறிவித்த விற்பனையாளரிடமோ வாங்குங்கள். பயன்படுத்திய சாவியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். நீங்களே நிரல் எழுதிப் பார்க்க விரும்பினால் ஹேக்கர் பதிப்பு நல்லது. ஆனால் அன்றாடக் கணக்குகளுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள், ஏனென்றால் யார் வேண்டுமானாலும் அதில் எதையும் ஏற்றலாம்.

அடுத்த படி

இரு பக்கத்தில் வேலை நடக்கிறது. ஒன்று கணிதத்தில். இன்றைய சாவிகள் நம்பியிருக்கும் நீள்வட்ட வளைவுக் கணிதத்தை எதிர்காலக் குவாண்டம் கணினிகள் உடைக்கக்கூடும். கூகுளும் சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழகமும் 2023 ஆகஸ்டில் ஓப்பன்எஸ்கேயில் இதற்கான ஒரு வழியை வெளியிட்டன. பழைய கையொப்பத்தோடு டைலித்தியம் என்ற புதிய கையொப்பத்தையும் சேர்த்துப் போடும் முறை அது. புதியதில் பின்னால் குறை தெரிந்தாலும் பழையது காக்கும். பழையது உடைந்தாலும் புதியது நிற்கும். நிரல் திறந்திருந்ததால் பல்கலைக்கழகக் கூட்டாளிகள் உண்மையான சாவி ஃபர்ம்வேரிலேயே இதைச் செய்து பார்க்க முடிந்தது.

மற்றொன்று சிப்பில். 2019-இல் தொடங்கிய ஓப்பன்டைட்டன் திட்டம், பாதுகாப்புச் சிப்பின் வடிவமைப்பை, ரோம் உள்பட, திறமூலமாக வைத்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் அதன் முதல் வணிகச் சிப் அறிவிக்கப்பட்டது. செக் நாட்டின் டிராபிக் ஸ்கொயர் நிறுவனமும் தணிக்கைக்குத் திறந்த பாதுகாப்புச் சிப்பை உருவாக்கி, அது டிரெஸர் வாலட்டில் ஏறியிருக்கிறது. யூஎஸ்பி சாவிகளுக்கும் இத்தகைய சிப் வந்தால், எல்பிசி55 ரோமில் நேர்ந்ததைப் போன்ற பிழைகளைச் சிப் வார்ப்பதற்கு முன்பே பிறர் படித்துப் பிடிக்க வாய்ப்பு உண்டு. அப்போதும் சிப் வார்க்கும் ஆலையை நம்பித்தான் ஆக வேண்டும்.

எந்தச் சாவியிலும் குறை இருக்கும்; திறந்ததிலும் இருந்தது, மூடியதிலும் இருந்தது. அதனால் சாவியைத் தேர்ந்தெடுக்கும்போது, இதில் குறை இல்லையே என்று கேட்பதைவிட மூன்று கேள்விகள் பயன் தரும். குறையை யாரால் தேட முடியும்? கிடைத்தால் திருத்த முடியுமா? திருத்தம் என் கையிலுள்ள சாவிக்கு வந்து சேருமா? சோலோ வரிசையில் ஃபர்ம்வேர் மட்டத்தில் மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தது. ரோம் மட்டத்தில் மூன்றுக்கும் இன்னும் கிடைக்கவில்லை.